தங்க வயலில் ஈச்சையும் கள்ளியும்

கர்நாடக மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்துள்ள கோலார் தங்க வயலுக்கு ரயிலில் வருபவரின் கண்ணில் முதலில் படுவன சாம்பல் நிற மணற்குன்றுகளாகும். அவை இயற்கையாக உண்டான குன்றுகள் அல்ல. 1880ஆம் ஆண்டில் மைசூர் தங்கச் சுரங்கக் கம்பெனி தோன்றியது முதல், 2001 பிப்ரவரி 28ஆம் நாள் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் தன் பணியை நிறுத்தியது வரை, மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட பாறை இங்கு மாவாக அரைக்கப்பட்டது. அதிலிருந்து சுமார் 800 டன் தங்கம் பிரிக்கப்பட்டது. எஞ்சிய கல்தூள், சயனைடுக் கரைசலில் ஊறிய சேறாக வெளியேற்றப்பட்டு, ஆண்டுதோறும் உயர்ந்து மேடாயிற்று. மைசூர் மைன்ஸ், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம் என்று சுரங்கங்களின் பெயரால் வழங்கும் குடியிருப்புகளுக்கு இடையே இத்தகைய மேடுகள் 13 உள்ளன. அவற்றில் கிடக்கும் தூளின் அளவு சுமார் 3.3 கோடி டன் என மதிப்பிடப்பட்டுள்ளது.

மேற்குக் காற்று வலுக்கும் ஆனி, ஆடி மாதங்களில், மழை பெய்யாத நாட்களில், இத்தூள் கிளம்பிக் குடியிருப்புகளின் மேல் படிகிறது. சமையல் பாத்திரத்திலும் குழந்தைகளின் பள்ளிப் புத்தகத்திலும் அதைக் காணலாம். சுரங்கப் பணியில் சிலிக்கா தூசியைச் சுவாசித்து நுரையீரல் கெட்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமே இன்று இவ்வீடுகளில் பெரும்பாலும் வாழ்கின்றனர். ஆதலின், இங்குப் பசுமை வளர்ப்பது அழகுக்காக மட்டும் செய்யும் பணியன்று. எந்தத் தாவரத்தை, எந்த இடத்தில், எத்தனை ஆண்டுகளை மனத்திற்கொண்டு நடுவது என்பதே கேள்வி. விரைந்து வளரும் மரங்களையே நாடுவது நமது வழக்கம். மெதுவாக வளரும் ஈச்சை இனத்துக்கும் கள்ளி இனங்களுக்கும் இந்நிலத்தில் உள்ள இடம் எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

மழை உண்டு, மண் இல்லை

கோலார் தங்க வயலைப் பாலைவனம் என்று பூகோள நூல்கள் கூறுவதில்லை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 850 மீட்டர் உயரத்தில் உள்ள இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ராஜஸ்தானத்து ஜெய்சல்மீரில் பெய்வதைப் போல் இது மூன்று மடங்குக்கும் மேலாகும். மழையின் பெரும்பகுதி செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் கிடைக்கிறது. கோடைப் பகல் கடுமையாயினும் இரவு குளிர்ந்துவிடும்.

எனினும் மேட்டின் மேல் நிற்பவருக்கு அது பாலையாகவே தோன்றும். பழந்தமிழ் மரபு பாலையைத் தனி நிலமாகக் கொள்ளாமல், பிற நிலங்கள் தம் இயல்பை இழந்தபோது அடையும் நிலையாகக் கருதிற்று. தங்க வயலின் மேடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கூறுவது அரிது. அரைத்த தூளில் மக்கிய பொருள் கிடையாது, தழைச்சத்து கிடையாது, மண்புழுவோ, வேருக்குத் துணை செய்யும் பூஞ்சைகளோ கிடையா. மாவு போன்ற தூள் மழையில் இறுகிப் படலமாகிறது. நீர் உள்ளே இறங்காமல் சரிவில் ஓடி, மேட்டை அரித்துச் செல்கிறது. வெயிலில் அப்படலம் வெடித்துத் தூசியாகிறது. பாறையில் இருந்த கந்தகக் கனிமங்கள் காற்றும் நீரும் பட்டு அமிலமாக மாறக்கூடியவை.

சயனைடு என்ற பெயரே மக்களை அச்சுறுத்துகிறது. உண்மையில் சயனைடு வெயிலிலும் காற்றிலும் காலப்போக்கில் சிதைந்துவிடும் தன்மையது. பாறையோடு வந்த ஆர்சனிக் போன்ற தனிமங்கள் அவ்வாறு சிதைவதில்லை. செடிகளின் வழியாகவும், அவற்றை மேயும் ஆடுமாடுகளின் வழியாகவும் அவை உணவில் சேர இயலும். ஆகவே மேட்டின் மேல் வளர்ப்பது எதுவாயினும் அது உண்ணத்தக்கதாகவோ தீவனமாகவோ இருத்தலாகாது என்ற விதியை முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும். முள்ளில்லாச் சப்பாத்திக்கள்ளியை வறண்ட நிலத்துக்கேற்ற தீவனமாகப் பரப்பும் முயற்சிகள் நம் நாட்டில் நடைபெறுகின்றன. நல்ல நிலத்தில் அது பயனுள்ள திட்டமே. இம்மேடுகளுக்கு அது பொருந்தாது.

ஈச்சை ஏன் மெதுவாக வளர்கிறது

பனை, ஈச்சை, பேரீச்சை ஆகியன ஒருவித்திலைத் தாவரங்கள். வேம்பு, புங்கம் போன்ற மரங்களில் பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு ஆண்டுதோறும் தண்டைப் பருக்கச் செய்கிறது. பனைக் குடும்பத்தில் அத்தகைய திசு இல்லை. ஆகவே, தண்டு மேலே எழும் முன்பே தன் முழுப் பருமனையும் தரை மட்டத்திலேயே அடைந்துவிட வேண்டும். முதற் சில ஆண்டுகள் இதற்கே செலவாகின்றன. பார்ப்பவருக்குச் சில ஓலைகள் மட்டும் தெரியும். மரம் நின்றுவிட்டது போல் தோன்றும். அக்காலத்தில் வேர்களும் அடித்தண்டும் உருவாகிக்கொண்டிருக்கின்றன. நட்ட மூன்றாம் ஆண்டில் ஆய்வுக்கு வரும் அதிகாரி, செடி வளரவில்லை என்று குறிப்பெழுதிவிட்டுச் செல்லும் அபாயம் உண்டு.

மற்றொரு செய்தியும் அறியத்தக்கது. இம்மரங்களுக்கு வளரும் நுனி ஒன்றே, அதாவது குருத்து. காண்டாமிருக வண்டோ சிவப்புக் கூன்வண்டோ குருத்தை அழித்துவிட்டால் மரம் மீண்டும் கிளைப்பதில்லை. ஆடு மேய்ந்த வேம்பு துளிர்த்துவிடும். குருத்திழந்த ஒற்றைத் தண்டு ஈச்சையோ பட்டே போகும்.

தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனையே தமிழ் வாசகரின் நினைவுக்கு முதலில் வரும். பனை தாழ்நிலத்தின் மரம். காய்க்கத் தொடங்கவே அதற்கு 12 முதல் 20 ஆண்டுகள் வரை ஆகின்றன. உயரம் ஏற ஏற அது அருகிவிடுகிறது. தங்க வயலின் உயரத்தில் பனையை முதல் தேர்வாகக் கொள்வது சரியன்று. பேரீச்சையை நடலாமே என்று கேட்பவரும் உண்டு. பேரீச்சம் பழம் மரத்திலேயே முதிர்ந்து உலர வெப்பமும் வறட்சியும் தேவை. பழம் முதிரும் பருவத்தில் மழை பெய்தால் அது அழுகும். குஜராத்தின் கட்ச் பகுதியில் பருவமழைக்கு அஞ்சி, முழுதும் கனியுமுன்பே பழங்களை அறுத்து விற்பதும், தருமபுரிப் பகுதியில் பச்சையாக உண்ணத்தக்க பர்ஹி போன்ற இரகங்களையே பயிரிடுவதும் இக்காரணம் பற்றியே. கோலார் மாவட்டத்திலும் அதே சிக்கல் எழும். தோட்டத்தில் அழகுக்காக ஓரிரு மரம் வைப்பதில் தவறில்லை. வருமானத்தை நம்பி வைப்பது வேறு.

எஞ்சுவது நமது நாட்டு ஈச்சை. கன்னடத்தில் ஈச்சல் என வழங்கும் இம்மரம் இவ்வட்டாரத்தின் ஓடைக்கரைகளிலும் ஏரி உட்பகுதிகளிலும் தானாகவே வளர்வது. மனிதர் நட்டுப் பேணாமலே நின்ற மரம் என்பதே அதற்குரிய சிறந்த சான்றிதழ். இதன் ஓலையிலிருந்து பாயும் துடைப்பமும் கூடையும் முடையலாம். சுரங்கம் மூடியபின் நாள்தோறும் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குச் சென்று திரும்பும் குடும்பங்களில், வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க ஒரு கைத்தொழிலின் மூலப்பொருள் அருகில் கிடைப்பது சிறு செய்தியன்று. ஆனால் அவ்வோலைக்குரிய மரங்கள் மேட்டின் மேல் நிற்காமல், நல்ல மண்ணில் நிற்க வேண்டும்.

கள்ளி என்ற ஒரே பெயர்

தமிழில் கள்ளி என்ற சொல் இரு வேறு குடும்பங்களைக் குறிக்கிறது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி, இலைக்கள்ளி ஆகியன ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் பால் வடியும். சப்பாத்திக்கள்ளியும் அதன் இனத்தவையும் அமெரிக்கக் கண்டங்களுக்குரிய வேறொரு குடும்பம். அவற்றில் பால் இல்லை. முட்கள் சிறு மெத்தை போன்ற புள்ளிகளிலிருந்து கொத்தாக எழும். கொலம்பஸின் பயணத்துக்குப் பின்னரே அவை நம் நாட்டை எட்டியிருக்க முடியும். ஆகவே சங்கப் பாடல்களில் வரும் கள்ளி சப்பாத்திக்கள்ளியாக இருக்க இயலாது. மாணவர்கள் இவ்வேறுபாட்டை மனத்திற்கொள்வது நலம்; பழைய உரை நூல்களைப் படிக்கும்போதும் இது உதவும்.

இரு குடும்பங்களும் வறட்சியைத் தாங்கக் கற்ற வழி ஏறத்தாழ ஒன்றே. சாதாரணச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை ஏற்கின்றன. அப்போதே நீரை ஆவியாக இழக்கின்றன. அமெரிக்கக் கள்ளிகளும் சதைப்பற்றுள்ள பாற்கள்ளிகள் பலவும் துளைகளை இரவில் திறக்கின்றன. ஏற்ற வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் துளைகளை மூடிக்கொண்டே, சூரிய ஒளியைப் பயன்படுத்தி அதைச் சர்க்கரையாக மாற்றுகின்றன. நீரிழப்பு பல மடங்கு குறைகிறது. ஓர் இரவில் சேமிக்கக்கூடிய அமிலத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஆகவே வளர்ச்சி வேகமும் குறைகிறது. அமெரிக்காவின் சொனோரன் பாலைவனத்தில் வளரும் சகுவாரோ என்னும் தூண்கள்ளி, முதல் எட்டு ஆண்டுகளில் மூன்று அல்லது நான்கு சென்டிமீட்டர் உயரமே வளர்கிறது. பக்கக் கிளை விட 50 ஆண்டுகளுக்கு மேலாகிறது.

இம்முறைக்கு இரவுக் குளிர்ச்சி இன்றியமையாதது. இரவிலும் வெப்பம் தணியாத சமவெளி ஊர்களில் பல கள்ளிகள் கோடை முழுவதும் செயலற்றுக் கிடக்கும்; அப்போது நீர் ஊற்றினால் வேர் அழுகும். வேலூரிலிருந்து மலையேறி வந்தால் தங்க வயலின் இரவு எவ்வளவு மாறுபட்டது என்பதை எவரும் உணர்வர். கள்ளித் தோட்டத்துக்கு இவ்வூர் இயல்பாகவே வாய்ப்பான இடம்.

எல்லாக் கள்ளிகளும் மெதுவானவை எனக் கருதிவிடலாகாது. சப்பாத்திக்கள்ளி வேகமானது, அவ்வேகத்தின் விளைவை நம் நாடு அனுபவித்திருக்கிறது. கொச்சினீல் என்னும் சிவப்புச் சாயத்தில் ஸ்பெயினுக்கு இருந்த ஏகபோகத்தை உடைக்கும் நோக்கில், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் சென்னைச் சைதாப்பேட்டையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் கள்ளித் தோட்டமே அமைத்தார். 1795இல் பிரேசிலிலிருந்து வந்த பூச்சி, சாயத்துக்குரிய இனமாக இல்லாமல் வேறோர் இனமாக அமைந்துவிட்டது, சாயம் தேறவில்லை, பூச்சி கள்ளிகளை அழித்தது. களையைப் பூச்சி கொண்டு கட்டுப்படுத்தலாம் என்று உலகம் அறிந்தது இத்தோல்வியிலிருந்துதான். பின்னர் வேறொரு சப்பாத்திக்கள்ளி தென்னாட்டு வயல்களை மூடியது. 1926இல் இலங்கையிலிருந்து வருவிக்கப்பட்ட இன்னொரு பூச்சியினாலேயே அது அடங்கிற்று. 1877இல் இந்தியாவுக்கு வந்த சீமைக்கருவேலத்தை அடக்கும் பூச்சியோ இன்றுவரை கிடைக்கவில்லை. மேடுகளைச் சீக்கிரம் மூட வேண்டும் என்ற அவசரத்தில் அதன் விதையைத் தூவலாம் எனக் கூறுவோர், அவ்விதை மேட்டோடு நின்றுவிடும் என்று உறுதி கூற வேண்டும்.

மேட்டில் எது, அடிவாரத்தில் எது

மணலை நிலைநிறுத்தும் கலையில் நம் நாட்டுக்கு அனுபவக் குறைவில்லை. 1952இல் ஜோத்பூரில் பாலைவனக் காடு வளர்ப்பு நிலையமாகத் தொடங்கி, 1959இல் யுனெஸ்கோவின் ஆலோசனையுடன் மத்திய வறண்ட மண்டல ஆய்வு நிறுவனமாக விரிந்த அமைப்பு, மணற்குன்றுகளின் மேல் சுள்ளிகளைக் கட்டம் கட்டமாக ஊன்றிக் காற்றின் வேகத்தைத் தரையளவில் முதலில் தணித்து, அதன் பின்னரே புல்லும் மரமும் வளர்க்கும் முறையைப் பரப்பியது. இவ்வரிசை முறையே இங்கும் கொள்ளத்தக்கது. வெறும் தூளில் கன்று நட்டு நீர் ஊற்றுவது பணத்தைத் தூளில் கொட்டுவதாகும். கட்டத் தடுப்பு, அதன் மேல் சரளைக்கல் அல்லது செம்மண் போர்வை, அதில் புல், பிறகு கற்றாழையும் சதுரக்கள்ளியும் என்ற ஒழுங்கு தேவை. இங்கு நோக்கம் நச்சைச் செடி மூலம் உறிஞ்சி எடுப்பதன்று. தூள் இருக்கும் இடத்திலேயே இருக்கச் செய்வது மட்டுமே.

ஈச்சைக்கு உரிய இடம் அடிவாரத்துக்கு வெளியே, மேட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவில் உள்ள இயல்பான செம்மண் பட்டை. காற்று மேற்கிலிருந்து வீசுவதால் மேடுகளின் கிழக்குப் புறமே முதன்மையானது. காற்றுத் தடுப்பு வரிசை தன் உயரத்தைப் போல் சுமார் 10 முதல் 15 மடங்கு தொலைவு வரை பயன் தரும். ஆனால் முதிர்ந்த ஈச்சையின் அடிமரம் வெறுமையாக நிற்கும். தூசி நிறைந்த காற்று அதன் கீழே புகுந்து செல்லும். எனவே ஈச்சையை மட்டும் வரிசையாக நடுவது தவறான திட்டமாகும். காற்றெதிர்ப் பக்கத்தில் திருகுகள்ளி வேலியும், அடுத்து ஆவாரையும் கற்றாழையும், நடுவில் ஈச்சையும், வீட்டுப் பக்கம் வேம்பும் புங்கமுமாக நான்கு அடுக்கு அமைய வேண்டும். ஆவாரையும் வேம்பும் முதல் பத்தாண்டுகளுக்குக் காவல் நிற்கும். ஈச்சை அதற்குள் எழுந்துவிடும். திருகுகள்ளியின் பால் கண்ணில் பட்டால் பெருந்தீங்கு விளையும். பள்ளிக்கூடத்தை ஒட்டிய பகுதியில் அவ்வேலியைத் தவிர்க்க வேண்டும்.

ஈச்சையை வேர் கலைந்து நடுவதைவிட, உயரமான பாலிதீன் பைகளில் வளர்த்த கன்றை நடுவது நன்று. குழி 90 சென்டிமீட்டர் ஆழமும் அகலமும் உடையதாக இருத்தல் வேண்டும். கன்றைப் பையில் இருந்த ஆழத்துக்கு மேல் புதைக்கலாகாது. முதல் இரு கோடைகளுக்கு வாரம் ஒருமுறை ஆழ்ந்து ஊறும்படி நீர் பாய்ச்ச வேண்டும். பேத்தமங்கலம் ஏரியை நம்பி வளர்ந்த ஊரில் குடிநீரே அரிதாகும் காலங்களில் இதற்கு வழி என்ன? கன்றின் அருகில் மண்பானையைக் கழுத்தளவு புதைத்து நிரப்பிவைக்கும் பானைப் பாசனம் குறைந்த நீரில் வேலையை முடிக்கிறது. பச்சை ஓலைகளை அழகுக்காகக் கழிக்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். மரத்தின் உணவு அங்கேதான் உற்பத்தியாகிறது.

வீட்டுத் தோட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். லைன் வீடுகளின் முற்றம் சிறியது. கள்ளி வளர்ப்புக்கு அது போதும். மேட்டுத் தூளை மணல் என எண்ணித் தொட்டியில் கலப்போர் உண்டு. அதை ஒருபோதும் செய்யலாகாது. செம்மண், பருமணல், உடைத்த செங்கல் ஆகியவற்றைச் சம அளவில் கலந்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திய பாத்தியில் நட வேண்டும். கோடையில் பத்து அல்லது பதினைந்து நாளுக்கு ஒருமுறை மாலையில் நீர் விடலாம். மழைக்காலத்தில் விடவே வேண்டா. நிழலில் வளர்ந்த செடியை ஒரேயடியாக வெயிலில் வைத்தால் தோல் வெந்துவிடும். அரியானாவின் பஞ்ச்குலாவில் 1987இல் அமைக்கப்பட்ட தேசியக் கள்ளித் தோட்டம், ஏழு ஏக்கர் அளவில் இவ்வகைச் செடிகளின் பெருந்தொகுப்பை வளர்த்து வருகிறது. பொதுத் தோட்டம் அமைக்க விரும்பும் நகராட்சிகள் காணத்தக்க முன்மாதிரி அது. தொட்டிகளில் பரவலாகக் காணப்படும் பொன்னிற உருண்டைக் கள்ளி, தன் தாயகமான மெக்சிகோவில் அணைக்கட்டு ஒன்றின் நீரில் பெருமளவு மூழ்கி, இன்று காடுகளில் அருகிவிட்ட இனம் என்பதையும் இங்குக் குறிப்பிடலாம். பன்னாட்டு வணிகத்தில் கள்ளிக் குடும்பம் ஏறத்தாழ முழுவதும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. நாற்றங்காலில் வளர்ந்த செடிகளையே வாங்க வேண்டும்.

நிலத்தின் காலவரை

தொழில்நுட்பத்தைவிடக் கடினமான கேள்வி இனிமேல்தான் வருகிறது. மேட்டுத் தூளில் டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கம் எஞ்சியுள்ளது. தங்கத்தின் விலை உயர்ந்துவிட்ட காலத்தில் அதுவும் ஆதாயமாகிறது. 2024 ஜூன் மாதத்தில், 13 மேடுகள் அடங்கிய 1,003.4 ஏக்கர் பரப்பில் மேற்பரப்புச் சுரங்கம் நடத்தும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை இசைவளித்தது. வேலையற்ற ஊருக்கு அது வேலை தரக்கூடும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் தூளை அள்ளி, மீண்டும் அரைத்து, மீண்டும் எங்கோ கொட்டும்போது இதுவரை இறுகிக் கிடந்த மேற்படலமும் கலையும்.

இந்நிலையில் மேட்டின் மேல் முப்பதாண்டு நோக்குடன் செலவிடுவது அறிவுடைமை ஆகாது. மேட்டில் சுள்ளித் தடுப்பும் புல்லும் போதும். அவை கலைந்தாலும் இழப்பு சிறிது. அடிவாரத்துக்கு வெளியே உள்ள பட்டைகளைப் பற்றி இவ்வாறு கூற முடியாது. மேடுகளை அள்ளும் ஆண்டுகளில்தான் அத்தடுப்பு மிகுதியாகத் தேவைப்படும். அதற்குள் வளர்ந்திருக்க வேண்டுமானால் இயந்திரங்கள் வருமுன்பே நடப்பட்டிருக்க வேண்டும். எனவே, மறுசுரங்கப் பணிக்கான ஒப்பந்தங்களில் தூசிக் கட்டுப்பாட்டுக்கு நீர் தெளிப்பதோடு நில்லாமல், பசுமைப் பட்டைக்குரிய நிலத்தைச் சர்வே எண்ணுடன் வரையறுத்து, சுரங்கப் பரப்பிலிருந்து விலக்கி வைப்பதும் ஒரு நிபந்தனையாக இடம்பெற வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. ஐந்தாண்டுத் தவணையில் கணக்கு முடிக்கும் நமது அலுவலக முறையில், தண்டு வெளியே தெரியவே பல ஆண்டு எடுக்கும் மரத்துக்கு வேறுவகையில் பாதுகாப்புக் கிடைக்காது.

ஈச்சம் பழம் கோடை முடிவில் கனிகிறது. விதையைக் கழுவி உடனே நாற்றங்காலில் இட்டால் இரண்டு, மூன்று மாதங்களில் முளைவிடும். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, முதல் மழையில் கன்று நிலத்துக்குச் செல்லலாம். விதை வாங்கச் செலவில்லை, ஓடைக்கரையில் கிடக்கிறது. செலவெல்லாம் முதல் ஐந்தாண்டு ஆடுகளைத் தடுக்கும் வேலிக்கும், நீர் ஊற்றும் ஒருவரின் கூலிக்குமே ஆகும். அக்கூலிக்கு மதிப்பீட்டில் தனித் தலைப்பு ஒதுக்க வேண்டும்; கன்றின் விலையோடு சேர்த்தெழுதினால் இரண்டாம் ஆண்டிலேயே அது நின்றுவிடும்.